சுக்கான் கடிக்கும் ரசிகர்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அலமாரிக்குள் தலையை விட்டுத்தான் வாசித்தேன். மேல்வீட்டுக்காரருக்கு ஒற்றைத் தலைவலியாம். குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே டிராம்போனின் வாயைச் செருகிவிட்டால் சத்தம் பாதியாகிவிடுகிறது. ஆனால் இழுகுழாயை முழுதாக நீட்ட இடமில்லை, பின்னால் கதவு இடிக்கிறது. ஆகவே கடைசி இரண்டு கீழ்ச்சுரங்கள் என் வாழ்க்கையை விட்டே போய்விட்டன.

துறைமுக வாத்தியக் குழுவைக் கலைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கப்பல்களை வரவேற்க ஒலிபெருக்கி போதுமாம். கூட வாசித்தவர்களில் ஒருவர் பேருந்து ஓட்டுகிறார். டிரம்ஸ்காரர் கதவு விற்கிறார். நான் கோட்டுகளுக்கு வாசிக்கிறேன்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்: "என்ன, கோட்டெல்லாம் கை தட்டுச்சா?"

கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதான்.

மார்ச் 6, வியாழன்

மறுபடி ஒன்று. இந்த முறை மருந்துப் படகு.

எதிர்த் தீவுக்குத் தினமும் மருந்து கொண்டு போகிறாளே, அந்தப் படகுக்காரியின் படகு. துறைமுக வாய்க்கு வெளியே ஓர்க்காக்கள் பின்னாலிருந்து வந்து சுக்கானைக் கடித்துப் பிய்த்துவிட்டன. கொலைத் திமிங்கலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் இதுவரை ஆளைத் தொடவில்லை. சுக்கான்தான் வேண்டும் அவற்றுக்கு. சுக்கான் போன படகு என்ன ஆகும்? காற்று இழுத்த பக்கம் போகும். படகுக்காரி பகல் முழுக்கக் கடலில் சுற்றிவிட்டு வந்து சேர்ந்திருக்கிறாள். தடுப்பூசி எல்லாம் வெந்நீராகிவிட்டதாம்.

போன மாதம் மீன்பிடிப் படகு ஒன்று முழுகியே போயிற்று. அண்ணன் தம்பி இருவரும் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தப்பித்தார்கள். கரைக்கு வந்ததும் பெட்டி யாருடையது என்று சண்டை போட்டார்களாம். உயிர் வந்தால் எல்லாம் வந்துவிடும்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, துறைமுகப் பாதுகாப்பு அதிகாரி. எங்கோ ஒரு கடலில் இரும்புக் குழாயை நீரில் விட்டுத் தட்டி ஓர்க்காக்களை விரட்டுகிறார்களாம். இவனும் தட்டிப் பார்த்திருக்கிறான். குழாயைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டன. ஒலிபெருக்கி கட்டினான். அதில் உப்புத் தண்ணீர் புகுந்து, வானிலை அறிக்கையைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன் என்கிறது.

"மாமா, யோசிச்சுப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்லயே பெரிய சத்தம் உங்களுதுதான்."

"அது சத்தம் இல்ல, மாப்ள."

"சரி, இசை. உங்க இசையைக் கேட்டு எங்க அக்காவே ரூமை விட்டு ஓடுறா. மீன் ஓடாதா?"

"அது மீன் இல்ல. பாலூட்டி. டால்பின் வகை."

"பால் குடிச்சு வளர்ந்ததுன்னா இன்னும் சீக்கிரம் ஓடும்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "அவருக்கு நீச்சல் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாத்திரம் மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தது.

பதவியின் பெயர்: தற்காலிக ஒலித் தடுப்பாளர். சீருடை உண்டு. இழுகுழாயை முழுதாக நீட்டலாம்! வேறென்ன வேண்டும்?

மார்ச் 12, புதன்

முதல் நாள். மச்சானே ரோந்துப் படகை ஓட்டினான். பின்பக்கம், சுக்கானுக்கு நேர் மேலே எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுக் கட்டியிருந்தான். பழைய வரவேற்பு இசையை எடுத்தேன். கீழ்ச்சுரம் இரண்டும் வந்தன, தொலைந்துபோன உறவுக்காரர்கள் போல.

ஒரு ஓர்க்காவும் வரவில்லை. "பாத்தீங்களா, பயந்துருச்சுங்க!" என்றான் மச்சான். வராதவன் பயந்துவிட்டான் என்று எப்படித் தெரியும்? நான் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவன் கேட்கக்கூடாத கேள்வி.

மார்ச் 17, திங்கள்

இன்று வந்தன.

முதலில் தூரத்தில் கறுப்புத் துடுப்புகள். பிறகு படகுக்கு அடியில் ஒரு வெள்ளைப் பட்டை வழுக்கிப் போயிற்று. எங்கள் படகைவிடப் பெரியது. ஊதுவதை நிறுத்தினால் செத்தேன் என்று நினைத்து ஊதினேன். ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன்.

அவற்றில் பெரியது ஒன்று, முதுகுத் துடுப்பின் நுனி வெட்டுப்பட்டது, தலையை நீருக்கு மேலே செங்குத்தாகத் தூக்கி நின்றது. என்னைப் பார்த்தது. நான் இழுகுழாயை நீட்டினால் தலை இந்தப் பக்கம், மடக்கினால் அந்தப் பக்கம். மற்றவை அதைச் சுற்றி அமைதியாக மிதந்தன. கூட்டத்துக்கே தலைவி போலிருக்கிறது. மனதுக்குள் அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தேன்.

எங்களுக்குப் பின்னால் போன படகு ஒன்றின் சுக்கானைக்கூட அவை தொடவில்லை. "ஓடிருச்சு பாருங்க, விரட்டிட்டோம்!" என்று மச்சான் வயர்லெஸ்ஸில் கத்தினான்.

விரட்டியதா? இசைக்குப் பயந்தவர்களின் முகம் எனக்குத் தெரியும். இருபது வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் பார்க்கிறேன். இது அந்த முகம் இல்லை.

குழுவில் இருந்தபோது நான் பின்வரிசை. ஜனங்கள் கப்பலைப் பார்ப்பார்கள். வாசிக்கும்போது என்னை ஒருவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. அந்த ஒருவருக்கு ஏகப்பட்ட பல்.

மார்ச் 25, செவ்வாய்

ஜலதோஷம் என்று மூன்று நாள் படுத்திருந்தேன். அந்த மூன்று நாளும் ஓர்க்காக்களை யாரும் பார்க்கவில்லையாம். இன்று போனேன். துறைமுக வாயிலேயே காத்திருந்தன. வரிசையாக.

மச்சானிடம் சொல்லிவிட்டேன். "மாப்ள, இதுங்க என்னைக் கேட்டு ஓடல. என்னைக் கேக்கத்தான் வருது."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மாமா, மேலிடத்துக்கு வெற்றின்னு சொல்லியாச்சு. இப்பப் போய்... வாயை மூடிக்கிட்டு ஊதுங்க."

வாயை மூடிக்கொண்டு எப்படி ஊதுவது? அவனுக்கே புரிந்தது. சிரிப்பை அடக்கப் போய்த் தும்மினான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மச்சானின் மேலதிகாரி அம்மா வருகிறாராம், செயல்விளக்கம் பார்க்க. வெள்ளிக்கிழமை. முட்டாள்கள் தினத்தில் சொல்கிறானே, விளையாட்டோ என்று பார்த்தேன். இல்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

ஏப்ரல் 3, வியாழன்

மனைவி சீருடைக்கு இஸ்திரி போட்டாள். மிதவைச் சட்டைக்கும் போடப் பார்த்தாள்.

ஏப்ரல் 5, சனி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. உதடு வீங்கி மூக்கைத் தொடுகிறது. பேச்சு வரவில்லை. எழுதத்தானே வேண்டும்.

காலையில் கிளம்பினோம். மச்சான், நான், மேலதிகாரி அம்மா. அம்மா நல்ல தொப்பி போட்டிருந்தார், அகலமானது. கரை மெல்லிசான கோடாகத் தெரிகிற தூரம் போனதும் மச்சான் கையைக் காட்டினான். நான் ஆரம்பித்தேன். வந்தன. பெரியம்மா தலையைத் தூக்கியது. அம்மா, "அடேயப்பா, எவ்வளவு கிட்டத்துல!" என்றார். பயமில்லாதவர்.

பிறகு கேட்டார்: "இதுங்க பயந்த மாதிரி தெரியலையே?"

மச்சானுக்கு வியர்த்தது. "மேடம், இது... பயத்துல அப்படியே உறைஞ்சு நிக்குது. மாமா, நிறுத்துங்க, மேடம்கிட்ட கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க."

நிறுத்தினேன்.

பெரியம்மா தலை உள்ளே போயிற்று. எண்ணிப் பார்க்கவில்லை, ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் இருக்கும். படகின் அடியில் யாரோ கதவை உதைத்தது போல ஒரு அடி. நாற்காலியோடு நான் சாய்ந்தேன். இன்னொரு அடி. மரம் கிழிகிற சத்தம். போனது சுக்கான் மட்டுமில்லை. அதன் தண்டு கீழ்ப்பலகையையும் பிய்த்துக்கொண்டு போனது. தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது. மச்சான் வயர்லெஸ்ஸில் என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது.

மூன்றாவது அடியில் மேலதிகாரி அம்மா என் காலருகே வந்து விழுந்தார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "வாசிங்க."

"மேடம்?"

"யோவ், வாசிய்யா!"

வாசித்தேன். அடி நின்றது. பெரியம்மா தலை வெளியே வந்தது, ஏதோ இடைவேளையில் கொறிக்கப் போய்விட்டு வந்த மாதிரி.

அப்புறம் என்ன நடந்தது என்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நான் வாசிப்பதை நிறுத்தினால் படகை இடிக்கின்றன. வாசித்தால் கேட்கின்றன. மூச்சு வாங்கக் கொஞ்சம் தாமதமானால்கூட ஒரு சின்ன இடி, ஞாபகப்படுத்துகிற மாதிரி. மச்சான் வாளியால் தண்ணீரை மொண்டு ஊற்றினான். இன்னொரு வாளி இல்லை. மேலதிகாரி அம்மா தொப்பியால் மொண்டார். இரண்டு பேரும் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, பிறகு கெண்டைக்காலுக்கு.

வரவேற்பு இசை முடிந்தது. வழியனுப்பு இசை முடிந்தது. கல்யாண ஊர்வலம், பள்ளிக்கூட விளையாட்டு விழா அணிவகுப்பு, பல்பொடி விளம்பரம். தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோய் துக்க ஊர்வல இசையை எடுத்தேன்.

"அது வேணாமே," என்றார் அம்மா, தண்ணீர் இறைத்துக்கொண்டே.

பல்பொடிக்கே திரும்பினேன். அது பெரியம்மாவுக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

உதடு வெடித்தது. ஊதுவாயில் ரத்தம். எனக்கு நீச்சல் தெரியாது, எனக்கு நீச்சல் தெரியாது என்று பாட்டோடு பாட்டாக மனம் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் அழுதுகொண்டே இறைத்தான். "மாமா, நிறுத்திடாதீங்க மாமா. அருமையா இருக்கு மாமா." என் கல்யாணத்தன்று நான் வாசித்தபோது காதில் பஞ்சு வைத்தவன் இவன்.

மத்தியானத்துக்கு மேல் மருந்துப் படகுக்காரி வந்தாள். புதுச் சுக்கான் மாட்டிய படகு. வர வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. எங்கள் படகை உரசிக்கொண்டு நிறுத்தி, "அவரு ஊதிக்கிட்டே மாறட்டும்! நிறுத்துனா என் படகும் போச்சு!" என்று கத்தினாள். அப்படியே மாறினேன். ஒரு கால் மூழ்குகிற படகில், ஒரு கால் மிதக்கிற படகில். மச்சான் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள, இழுகுழாய் படகுக்காரியின் தோளில் இடிக்க, பல்பொடி விளம்பரத்தின் இரண்டாம் பகுதி. ஒரு சுரம் பிசகியது. மன்னிக்கலாம்.

எங்களுக்குப் பின்னால் ரோந்துப் படகு மூக்கைத் தூக்கி, சத்தமே இல்லாமல் உள்ளே போனது. துறைமுகச் சுவர் வரை வாசித்தேன்.

கரையில் மனைவி. கண்ணாடிக் கடை உடுப்போடு, கையில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடியோடு. அப்படியே ஓடி வந்திருக்கிறாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. என் உதட்டையே பார்த்தாள்.

"என்ன வாசிச்சீங்க?"

இருபது வருடத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. பதில் சொல்ல உதடு இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நான் காப்பாற்றினேன் என்கிறார்கள் ஒரு சாரார். நான்தான் ஏவிவிட்டேன் என்கிறார்கள் மறு சாரார். ரொட்டிக் கடைக்காரர் இரண்டையும் நம்புகிறார். ரொட்டியைக் கொடுத்துவிட்டு, தள்ளி நின்றுகொண்டார்.

கூப்பிட்டேனா, காப்பாத்துனேனா? எனக்கே தெரியலையே.

ஏப்ரல் 10, வியாழன்

விசாரணை. மச்சான் உண்மையைச் சொன்னான். பாவம், வேறு வழியில்லை, மேலதிகாரியே தொப்பியோடு சாட்சி. வேலை போய்விடும் என்று முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

மேலதிகாரி அம்மா கேட்டார்: "அப்ப, இவர் எங்க வாசிக்கிறாரோ அங்க அதுங்க வரும். வேற எங்கயும் போகாது. சரிதானே?"

"ஆமா மேடம்."

"அப்பப் படகுல ஏன்யா வச்சு வாசிக்கிறீங்க? எதிர்த்திசையில எங்காவது கரையில உக்கார வைங்க."

இவ்வளவு நாள் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

தெற்குப் பக்கத்து அலைதடுப்புச் சுவரின் நுனிதான் இப்போது என் அலுவலகம். உதடு ஓரளவு ஆறியதும் போன வாரம் ஆரம்பித்தேன். காலையில் நான் இங்கே வாசிக்க, அவை வந்து சேர, அந்தப் பக்கம் வடக்கு வாய் வழியாகப் படகுகள் வெளியேறும். மாலையில் மறுபடி வாசிக்க, படகுகள் திரும்பி வரும். மருந்துப் படகுக்காரி போகும்போது ஹாரன் அடிக்கிறாள்.

சுக்கான் ஒன்றும் போகவில்லை. வாசிப்பும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரியம்மா இப்போது மெதுவான பாட்டுகளையும் பொறுமையாகக் கேட்கிறது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். ஓர்க்காவுக்குத் தெரிகிறது. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்: எனக்கு இவ்வளவு நல்ல ரசிகர்கள் வாய்த்ததில்லை.

"ரசிகர்கள் எல்லாம் சௌக்கியமா?" என்று மனைவி தினமும் கேட்கிறாள். கிண்டல்தான். கேட்கிறாள் அல்லவா.

மே 6, செவ்வாய்

உதடு மறுபடி வெடித்தது, அதே இடத்தில். மருத்துவர் விளக்கைப் போட்டுப் பார்த்து, தையல் போட்டுவிட்டு, மாதம் முடியும் வரை ஊதவே கூடாது, மீறினால் இனி என்றைக்குமே ஊத முடியாது என்றார்.

மே 8, வியாழன்

இரண்டு நாளாக ஒரு படகும் வெளியே போகவில்லை. என் வாசிப்பைப் பதிவு செய்து சுவர் நுனியில் போட்டுப் பார்த்தான் மச்சான். ஓர்க்காக்கள் எட்டிப் பார்த்துவிட்டு, வடக்கு வாய்க்கே போய் உட்கார்ந்துகொண்டன. பிறகு அவனே டிராம்போனை வாங்கி ஊதினான். காற்று வந்தது. கண் பிதுங்கியது. வேறெதுவும் வரவில்லை.

சாயங்காலம் மருந்துப் படகுக்காரி வீட்டு வாசலில் நின்றாள். தீவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாம். நாளைக் காலை மருந்து போயாக வேண்டும். "நீங்க ஊத வேணாம். அதுங்க இருந்தாலும் நான் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்." அவ்வளவுதான் பேச்சு.

அவள் போனதும், நான் ஊதத்தான் போகிறேன் என்று எழுந்தேன். மனைவி டிராம்போன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இதை எப்படிப் பிடிக்கணும்?" என்று கேட்டாள்.

மே 9, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது நடந்தது.

அவள் ஊதினாள். சுவர் நுனியில் காலை அகட்டி நின்று, கன்னம் இரண்டும் உப்ப. முதலில் காற்று. பிறகு ஒரு சத்தம். அதை என்னவென்று சொல்வது? சேற்றில் மாட்டிய மாடு கத்தினால்... இல்லை, மாடு கோபித்துக்கொள்ளும். சுரமில்லை, தாளமில்லை, ஆரம்பமில்லை, முடிவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது எல்லாம் வந்திருந்தன. ஒன்று பாக்கியில்லை. பெரியம்மா முன்வரிசையில், தலையை முழுதாகத் தூக்கி. எனக்குக்கூட இவ்வளவு உயரம் தூக்கியதில்லை.

மருந்து போய்ச் சேர்ந்தது. பெண் குழந்தையாம், தாயும் நலம். நல்ல சேதி. ரொம்ப நல்ல சேதி.

எல்லாம் சரிதான். ஆனா, அப்ப நான் வாசிச்சது? அந்த மெதுவான பாட்டெல்லாம்? எதை ஊதினாலும் வருமா இதுங்க? வெறும் சத்தத்துக்கா இவ்வளவு நாள் நான்... சே.

மே 10, சனி

அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாப்பிடும்போது அவள் உதட்டைத் தடவிக்கொண்டாள். எந்த இடத்தில் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வெண்ணெய் தடவச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

சொன்னேன்.

"மூச்சு எங்கிருந்து எடுக்கணும்?" என்று கேட்டாள். அடிவயிற்றைக் காட்டினேன். அங்கே கையை வைத்துக்கொண்டு கேட்டாள், "நேத்து ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க?"

"உனக்குத்தான் பெரியம்மா அதிகமாத் தலையைத் தூக்குச்சு."

அவள் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "என்னடா இது கண்றாவின்னு பாத்திருக்கும்."

பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு உதட்டுத் தையல் இழுத்தது, அவளுக்கு உதடு எரிந்தது. ஆ, ஊ என்று பிடித்துக்கொண்டு சிரித்தோம். மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

மே 19, திங்கள்

கடைக்குப் போவதற்கு முன் காலை முறை, வந்த பின் மாலை முறை, இரண்டும் அவளுக்கு. நான் பிளாஸ்கையும் குடையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன். பல்பொடி விளம்பரத்தில் முதல் வரி வந்துவிட்டது. இரண்டாவது வரியில் இழுகுழாயை அதிகமாக நீட்டிவிடுகிறாள். சொன்னால், "கேக்குறவங்க யாரும் குறை சொல்லலியே," என்கிறாள்.

மே 31, சனி

மருத்துவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். நன்றாக ஆறிவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து தாராளமாக ஊதலாம் என்றார்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே தலையை விட்டு, இரண்டாவது வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள்.

இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.